மூடுபனியின் மேல் எழுதியது

என் அப்பா தூ ஹெங்யி, சீனாவின் ஷாவோசிங் நகரில் வெந்நீர்க் குடுவைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குடுவைகளின் மேல் சிவப்புப் பூ வரைவது அவர் வேலை. ஓய்வு பெறும்வரை ஒரே பூ. வீட்டில் அவர் பூவே வரைந்ததில்லை.

வீட்டில் வரைந்தது கால்வாய். காலையில் மைக்கட்டியைக் கல்லில் அரைப்பார். கடையில் விற்கும் புட்டி மையைத் தொடமாட்டார். நிற்பது, தூரிகை பிடிப்பது எல்லாம் பழைய முறைதான். ஆனால் காகிதத்தின் அடியில் சில கரிய இழுப்புகளில் ஒரு சுவர், ஒரு படித்துறை, அதோடு நிறுத்திவிடுவார். மேலே முழுக்க வெள்ளை. மற்ற ஓவியர்களைப் போல அந்த வெள்ளையில் கவிதை எழுதமாட்டார். தன் பெயர் முத்திரையைக்கூடச் சுவரோரம் ஒளித்துவைப்பார். பழைய பாணிக்காரர்கள் மரபு தெரியாதவர் என்றார்கள். பெய்ஜிங் போய்ப் புதுப் பாணி கற்று வந்தவர்கள், இன்னும் மை அரைக்கிற ஆள் என்று சிரித்தார்கள். இரண்டு தரப்பும் அவரைக் கண்காட்சிக்கு அழைக்கவில்லை.

அம்மாவின் புகார் வேறு. "பாதிக்கு மேல சும்மா விட்டிருக்கீங்க. நல்ல காகிதம் வீணாப் போவுது."

"அங்க பனி இருக்குடி. உனக்குக் குளிரலையா?" என்பார் அப்பா.

நான் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளர். ஓவியம் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்தக் காகிதம் தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்று தெரியும். ஒரு துளி மை விழுந்தால் விழுந்ததுதான். அப்பா விட்ட வெள்ளை, கை தவறாமல் காத்த வெள்ளை.

எங்கள் ஊரில் ஓவியர் இறந்தால், அவர் படத்தின் வெற்றிடத்தில் நண்பர்கள் இரங்கல் எழுதி முத்திரை குத்துவது பெரிய மரியாதை. அப்பா அதற்குத்தான் பயந்தார். மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னார்: "அந்தக் கடைசிப் படம். அதுல யாரையும் எழுத விடாத."

சரி என்றேன். அம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

ஈமக்கடன் முடிந்து நான் நிங்போவுக்கு வேலைக்குத் திரும்பினேன். நகர ஓவியர் சங்கம் நினைவுக் கண்காட்சி நடத்துவதாக அம்மா தொலைபேசியில் சொன்னாள். சங்கத் தலைவர் லுவோ, அப்பாவின் பள்ளித் தோழர். படத்தைப் பட்டில் ஒட்டிச் சுருளாக்கித் தருகிறேன் என்று அவரே வந்து வாங்கிப்போயிருந்தார்.

கண்காட்சியன்றுதான் படத்தைப் பார்த்தேன். பனி இல்லை. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எழுத்து, முடிவில் பெரிய சிவப்பு முத்திரை. நல்ல கையெழுத்து. கூட்டம் நின்று படித்தது, படம் எடுத்தது. குனிந்து சுவரைப் பார்க்க ஒருவரும் இல்லை.

லுவோ மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. "உங்கப்பன் இருந்தப்ப நான் அவனுக்கு ஒண்ணும் செய்யலம்மா. இதையாவது செய்யணும்னு தோணுச்சு. நானே எழுதினேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார்.

படத்தை ஒட்டிய கைவினைஞரிடம் ஓரமாகக் கேட்டேன். மையை எடுக்க முடியாது, மேல்பகுதியை வெட்டி எறியலாம், ஒரு சாண் சுவர் மிஞ்சும் என்றார்.

அம்மாவிடம் போனேன். "யாரும் எழுதக் கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"லுவோ அண்ணன் யாரோவா? உங்கப்பாவோட ஒரே பெஞ்சுல உக்காந்தவரு."

பிறகு விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். அப்பா வரைந்த எந்தப் படத்தின் முன்னும் அவள் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

"இப்பதான் படம் நெறஞ்சிருக்கு," என்றாள். "பாவம், அவருக்கு எழுத யாரும் இல்லாமத்தான் அப்படியே விட்டுட்டாரு."

வெட்டச் சொல்லவில்லை. படம் இப்போது அம்மா வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு எதிரே தொங்குகிறது. போகும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.