கதவுக்கு முன்னால் இரண்டு நிமிடம்

காலை ஆறு நாற்பதுக்கு இஸ்ரவேல் குளித்துத் தலைசீவி, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு, பாதாளத்துக்குள் இறங்குகிறார். மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. அதில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ‘வரவு’, ‘புறப்பாடு’ என்று இரண்டு பத்திகள். திரையில் அவர் முக்காடு போட்ட வைத்தியர். கையில் ஒரு விளக்கு. முன்னால் வாளோடு ஒருவன் நடக்கிறான். அவன் பின்னாலேயே இவர் போகிறார். சுவரில் இடித்துக்கொள்கிறார். பிறகு மறுபடி போகிறார்.

வயது அறுபத்தேழு. பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பர். திருச்செந்தூர் வண்டியோ சேரன்மகாதேவி வண்டியோ, இவர் நேரம் எழுதி, வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் கிளம்பும். பாளையங்கோட்டையில் இவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். வந்த முதல் மாதமே கூப்பிட்டு, “ஊர் ஊரா சுத்துன பிள்ளைக்கு இது தெரியாமலா இருக்கும்?” என்று விளையாட்டைத் திறந்து காட்டினார். எனக்கும் அரைகுறைதான். எந்த விசையை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் குதிக்கும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் நாள் பத்தொன்பது முறை செத்தார். ஒவ்வொரு சாவுக்கும் நோட்டில் நேரம் எழுதியிருக்கிறார். எட்டு முறை குழியில் விழுந்து. ஆறு முறை சிலந்தி கடித்து. மீதி, தான் பற்றவைத்த தீயில் தானே வெந்து. எலும்புக்கூட்டை ‘எலும்பன்’ என்பார். வழியில் கிடக்கும் ரொட்டியையெல்லாம் எடுத்து மூட்டையில் போட்டுக்கொள்வார், தின்னமாட்டார். செத்தவர்களின் பெட்டியைத் திறந்தால் பொன் கிடைக்கும், அதற்குத்தான் எல்லோரும் அங்கே இறங்குகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “பெறத்தியார் பெட்டிய நாம என்னத்துக்குத் தொறக்கணும்?” என்று கேட்டார். இன்றுவரை ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

“கிறுக்கு புடிச்சிட்டு இந்த மனுசனுக்கு. விடிஞ்சா பேயோட வெளையாடுதாரு” என்று அவர் மனைவி ஜெபகனி அடுக்களையிலிருந்து சொல்வார். அந்தக் குரல் கிட்டே வருகிறதா என்று கேட்பதற்காகவே இஸ்ரவேல் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதைவிட்டு நகர்த்தி வைத்திருக்கிறார். அந்தக் கசிவில்தான் பக்கத்தில் உட்காரும் எனக்கும் கேட்கும். வாள்காரனின் குரல்: “பைய வாங்க, முருகேசன் சார். தனியா எங்கயும் போவாதீங்க. என் பின்னாலயே வாங்க.”

வாள்காரன் இவருடைய மகன் பெனோ. கனடாவில் இருக்கிறான். அங்கே அது இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். அவன் இந்த விளையாட்டில் இருக்கிறான், இந்தப் பெயரில் இருக்கிறான் என்று மகள் ரீபா என்றைக்கோ வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய பழைய மடிக்கணினியைக் கேட்டு வாங்கினார். வழிகாட்ட ஆள் வேண்டும் என்று அவனிடமே விண்ணப்பம் போட்டார். பெயர் முருகேசன், ஊர் திருச்சி, மைக் ரிப்பேர், தட்டச்சில்தான் பேசுவேன். சர்ச் கமிட்டியில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் ஒரே மூச்சில் மூன்று பொய் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன்.

ஏழு வருடமாக அவனோடு பேச்சில்லை. மேலப்பாளையத்து இஷ்ரத்தை அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்டதில் ஆரம்பித்தது. அவன் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெபகனி போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்து ஒன்றும் சொல்வதில்லை. இவரும் கேட்பதில்லை.

விளையாட்டில் இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கதவு வந்தாலும் அப்படியே நின்றுவிடுவார். விரல்களை விசையிலிருந்து எடுத்து, கண்ணை மூடி, உதடு அசைப்பார். அந்தப் பக்கம் மகன் காத்திருப்பான். கண்ணைத் திறந்ததும் ஒற்றை விரலால் ‘நெட் ஸ்லோ’ என்று தட்டுவார்.

கதவு வந்தால் ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். இந்த வீட்டில் யார் பிரயாணம் கிளம்பினாலும் வாசலில் நிறுத்தி ஜெபம் செய்துதான் அனுப்புவார். பால்காரர் தன் மகளைப் பார்க்க மதுரைக்குப் போனபோதுகூடச் செய்தார். நான் கன்னியாகுமரி போன அன்று என்னையும் நிறுத்தினார். பெனோ கனடாவுக்குக் கிளம்பிய அன்று மட்டும் செய்யவில்லை.

“நாலு இருவதுக்கு டாக்சி வந்து நின்னுது, பிள்ள. பெட்டியக் கீழ வச்சிட்டு அந்தால வாசல்ல நின்னான். நான் பேப்பர்ல இருந்து தலைய எடுக்கல. நாலு இருவத்திரெண்டுக்குப் போயிட்டான்.”

நீங்கள் யார் என்று அவனிடம் சொல்லிவிடுங்களேன் என்றேன். அவர் திரையைப் பார்த்தபடி, “சொன்னா போயிருவான். இப்பம் முருகேசனுக்காவது நிக்கான்லா” என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பாலத்தைத் தாண்டும்போது பெனோ சாதாரணமாகச் சொன்னான்: “சார், சனிக்கிழமையோட சரி. வீட்டுக்காரிக்கு அடுத்த வாரம் பிரசவம். இனி இங்கன வர முடியாது.” இஸ்ரவேலின் வைத்தியர் பாலத்திலிருந்து விழுந்து செத்தார்.

எழுந்து அடுக்களையில் ஜெபகனியிடம் போய் நின்று, பெனோவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறதாமே என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று ஜெபகனி கேட்கவில்லை. அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவன் பேர எடுக்கப்பிடாதுன்னு சொன்னது யாரு?” என்றார். மகன் போனில் சொன்ன பிள்ளைச் செய்தி எட்டு மாதமும் கிணற்றடியோடு நின்றிருந்தது.

சனிக்கிழமை ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டார். பாதாளத்தின் கடைசி அறை வரை இருவரும் போனார்கள். அங்கே பெனோ தன் கேடயத்தையும் ஏழு மருந்துக் குப்பிகளையும் தரையில் வைத்தான். “இது உங்களுக்குத்தான் சார். எனக்கு இனி வேண்டாம். இத வச்சிட்டுப் பொழச்சிக்கிடுவீங்க.” இஸ்ரவேல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். பதிலுக்குத் தன் மூட்டையிலிருந்த ரொட்டியையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்தார். நாற்பத்திரண்டு ரொட்டி. அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “எதுக்கு சார் இவ்வளவு?” என்று சொல்லிக்கொண்டே அவனும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

பிறகு கதவு. வெளியே போகும் கதவு. இஸ்ரவேல் ‘ஒரு நிமிடம்’ என்று தட்டினார்.

“நெட் ஸ்லோவா சார்? பரவால்ல, நிக்கேன்.”

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்றிருந்த எனக்குக்கூட மூன்று சொற்கள்தான் பிடிபட்டன. பெனோ. இஷ்ரத். பிள்ளை. மூன்றாவதைச் சொல்லிவிட்டு அதற்குப் பெயர் இல்லாததால் சற்று நின்று, மறுபடி அதையே சொன்னார். திரையில் வாள்காரன் கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஓடியது.

உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ‘போகலாம்’ என்று தட்டினார்.

“வாரேன் சார். உடம்பப் பாத்துக்கோங்க.”

கதவு திறந்து வெளிச்சம் வந்தது. மகனின் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. இஸ்ரவேல் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். நோட்டை இழுத்து, புறப்பாடு என்ற பத்தியில் ஏழு ஐம்பத்திரண்டு என்று எழுதினார். பேனாவை மூடினார். பிறகு உள்ளங்கையை விரித்து, திரையின் பக்கவாட்டில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.