அவர் நீட்டும் கை

கதிரையோ பாயோ, நான் எழும்பப் பார்த்தாலே என் கணவர் கை நீட்டிவிடுவார். அறுபத்தேழு வயதிலும் அதைப் பெருமையோடு பிடித்துத்தான் எழும்பிவந்தேன்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவ முகாமில் வயதான பெண்களின் கால் பலத்தை அளந்தார்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்ப வேண்டும். அங்கேயும் அவர் கை நீண்டது.

“ஐயா, கையை எடுங்கோ. அம்மா தனிய எழும்பட்டும்,” என்றார் தாதி.

என்னால் முடியவில்லை. தொடைகள் நடுங்கின. பயந்துபோய் அவரைப் பார்த்தேன்.

“நான்தான் உம்மை இப்பிடி ஆக்கிப்போட்டன்,” என்றார், முகம் வாடி.

“விழ முன்னம் தெரிஞ்சது நல்லது. ஒவ்வொரு நாளும் தனிய எழும்பிப் பழகுங்கோ,” என்றார் தாதி.

இப்போது காலையும் மாலையும் பழகுகிறேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் தனியே எழும்பி நின்ற பிறகு, அந்தக் கையை நானே இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.