மொரீசுத் தீவுச் செடி

மொரீசுத் தீவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய அடுத்த வீட்டு அத்தை அங்கிருந்து கொண்டுவந்த செடி, குற்றாலச் சாரலில் வருஷக்கணக்காக வெறும் இலையாகவே நின்றது.

சாமிக்கென்றால் யார் வேலியிலும் பூப்பறிக்கலாம், அது களவில் சேராது என்பது எங்கள் தெருவின் வசதியான நியாயம். ஓர் ஆடி வெள்ளியன்று விடியுமுன் அம்மா எங்கிருந்தோ பூப்பறித்து வந்து சாமி படத்துக்குச் சாத்தினாள். மிஞ்சியதை, நான் பார்க்குமுன்பே என் சடையில் சொருகிவிட்டாள்.

விடிந்ததும் அத்தை கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன வா. நேத்து நம்ம செடியில மொட்டா இருந்திச்சு, இப்பம் விரிஞ்சிருக்கும். ஒன்னையத்தான் மொதல்ல கூப்பிடுதேன்."

செடியில் காம்புகள்தான் இருந்தன. அத்தையின் பார்வை என் தலைக்கு வந்தது. கை தானாகச் சடைக்குப் போக, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன்.

"ஒங்கம்மைக்குப் பூ வைக்கத் தெரியல" என்று, சாய்ந்திருந்த பூவை அத்தை நிமிர்த்திவிட்டாள்.