ஆறாவது பங்கு

போன வருடம் ஜூன் மாதம். மழை தள்ளிப்போய் மும்பையே வெந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் இருப்பது செம்பூரில்; ஓர் ஆபீசில் வேலை. சனிக்கிழமைதோறும் தாராவிக்குப் போய், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருக்கும் அறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அன்றைக்குப் பாடம் பின்னம். மூன்று சப்பாத்தியை நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். மூன்றுக்குள் நாலு போகாது என்று ஒரே குரலில் சொன்னார்கள். போகாது என்றால் அந்தச் சப்பாத்தியை என்ன செய்வீர்கள் என்றேன். மூன்றை எழுதி, கீழே கோடு போட்டு நாலு எழுதினேன். இந்தக் கோடே வகுத்தல் குறிதான், மூன்றை நாலால் வகுத்தால் முக்கால் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். புரியாமல் ஆட்டும் தலை எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு சிறுமி மட்டும் அதைக்கூடச் செய்யாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவள் வாய் திறந்து பேசி நான் கேட்டது அபூர்வம்.

வகுப்பு முடிந்து, கடைசியாகக் கிளம்பிய ஐந்து பிள்ளைகளோடு லிஃப்டில் ஏறினேன். அந்தச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. பழைய கிரில் கதவு லிஃப்ட். கொஞ்சம் இறங்கியதும் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்து, லிஃப்ட் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது. அலாரம் அடிக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கிரில்லுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். அதற்கு மேலே, என் நெஞ்சு உயரத்தில், ஐந்தாம் மாடித் தரை தெரிந்தது.

எல்லோரும் சேர்ந்து கத்தினோம். கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். ஆளைக் கூட்டி வருகிறேன், யாரும் அசையாதீர்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

மூடிய இடம் என்றாலே எனக்கு ஆகாது. டார்ச்சை அணைக்க மனம் வராமல் அந்தச் சுவர்மீதே அடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை அழ ஆரம்பிக்க, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. காற்றே இல்லை. வியர்வையில் உடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அப்போது பையன்களில் துடியானவன் உள் கிரில்லை இழுத்துத் திறந்தான். ஐந்தாம் மாடி வெளிக்கதவின் பூட்டு கெட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. அவன் கையை நீட்டித் தள்ளியதும் அதுவும் திறந்துகொண்டது.

"டீச்சர், ஜகா இருக்கு, ஆளு நுழையலாம். நான் ஏறிப் போயி ஆளக் கூட்டியாரேன்."

சொல்லிக்கொண்டே எம்பினான். தலையும் தோளும் இடுக்கில் நுழைந்துவிட்டன. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாதுதான். ஆனால் இந்த லிஃப்ட் கிரில் திறந்தபடியே ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது கரண்ட் வந்தால்? அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இறங்கினான், ஆனால் கதவை விட்டு நகரவில்லை. நான் பிடியை விட்டால் மறுபடி ஏறிவிடுவான்.

பேசாத அந்தச் சிறுமி தாகமாக இருக்கிறது என்றாள். என் பையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. ஒரே அளவு, இன்னும் திறக்காதவை. எவ்வளவு நேரம் இப்படியே கிடக்க வேண்டுமோ, பார்த்துத்தான் குடிக்க வேண்டும். இரண்டு பாட்டில், ஐந்து பேர் என்று முணுமுணுத்தேன்.

"அஞ்சு இல்ல டீச்சர், ஆறு. நீங்களும் இருக்கியள்லா?"

பாட்டில்களையும் பேனாவையும் என்னிடம் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு பாட்டிலின் லேபிளிலும் இரண்டு கோடு கிழித்தாள். ஒவ்வொன்றும் மூன்று பங்காயிற்று.

"ரெண்ட ஆறால வகுத்தா, ஆளுக்கு மூணுல ஒண்ணு" என்றாள். பிறகு கதவருகே நின்றவனைப் பார்த்தாள். "ஏல, நீ வந்து உக்காந்தாத்தான் மூடியத் தொறப்பேன். நீ போனா பங்கு மாறிப்போவும். கோட்ட அழிச்சி மறுபடி போடணும்."

அவனுக்கு எரிச்சல். தாகமும் இருந்திருக்கும். முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். நான் கிரில்லை இழுத்துச் சாத்தினேன். முதலில் அவனுக்குத்தான் கொடுத்தாள். கோட்டைத் தாண்டிக் குடிக்கிறானா என்று மற்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். அந்த மும்முரத்தில் அழுகை நின்றுவிட்டது.

பாட்டில் அடுத்த கைக்கு மாறும்போது பளிச்சென்று விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஒரு தடவை தூக்கிப்போட்டு, சட்டென்று கீழே இறங்கியது. சற்று முன் அவன் தலையும் தோளும் இருந்த அந்த இடுக்கு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி மறைந்தது. அந்தப் பையனும் அதைப் பார்த்தான். நகர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கீழே கூட்டமாய் ஆட்கள் கதவைத் திறந்து எங்களை வெளியே இழுக்கும்வரை அவன் பிடியை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை படியேறித்தான் போனோம், லிஃப்டைச் சரிசெய்யும்வரை அப்படியே. பின்னம் நடத்த எனக்குப் புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. பலகையில் இரண்டு பாட்டில் வரைந்து ஆறு பேர் என்றதும், அன்று லிஃப்டில் இருந்த ஐந்து பேரும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

பயத்தில் என்னையே கணக்கில் சேர்க்க மறந்து நின்ற நேரத்தில், ஒரு குழந்தை மறக்காமல் என்னையும் சேர்த்து எண்ணினாள். இன்றைக்கும் எதையாவது நாலு பேருக்குப் பங்கிட உட்கார்ந்தால், பொருள் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், யாரை விட்டுவிட்டோம் என்றுதான் என் கண் தேடுகிறது.