ஷூவுக்குள் சின்ன முதலாளி

திருப்புளியின் முனையை இயந்திரத்தின் வயிற்றில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார் அக்கா. பிஸ்கட்டுக்கு உறை போடும் அந்த இயந்திரம் சொல்வதைக் கேட்டு முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஒரு முறைப்பு. பிறகு, "பேரிங் போச்சு, கழட்டு" என்பார். கழற்றிப் பார்த்தால் சில சமயம் பேரிங் நன்றாகவே இருக்கும். "எப்படியும் போகப் போறதுதானே" என்று சமாளித்துவிடுவார்.

எங்கள் கம்பெனி விற்கும் இயந்திரங்களை வெளிநாடுகளுக்குப் போய்ப் பொருத்தித் தருவது அவர் வேலை. கூடப் போய் வாடிக்கையாளரிடம் பேசுவது என் வேலை. என் அம்மா வயதிருக்கும், ஆனாலும் கம்பெனி முழுக்க அவர் அக்காதான். குள்ளமான உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய ஷூ போட்டிருப்பார். ஆண்கள் அளவில்தான் கிடைத்ததாம். அது கழன்று ஓடாதிருக்க இரண்டு ஜோடி சாக்ஸ்.

"எத்தனை நாடு பாத்திருக்கீங்க, குடுத்து வச்சவங்கக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு.

"நாட்டை எங்க பாத்தேன்? போற இடமெல்லாம் ஒரே தகரக் கொட்டகை, ஒரே காப்பி மெஷின்."

சின்ன முதலாளி டிக்கெட் போடும் அழகு அப்படி. கையில் கிரீஸ் காய்வதற்குள் விமானம் ஏற்றிவிடுவார்.

இந்தப் பயணம்தான் அக்காவுக்குக் கடைசி. அடுத்த மாதம் மூட்டு ஆபரேஷன். அதன்பின் ஆபீசில் நாற்காலி வேலை தருவதாகப் பேச்சு. தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஒரு குன்று, அதன் உச்சியில் இடிந்த பழங்கோயில். கூரை போய்த் தூண்கள் மட்டும் நின்றன. முதல் நாளே கார் கண்ணாடியில் விரல் வைத்துச் சொல்லிவிட்டார்: "வேலை முடிஞ்சதும் அங்க ஏறுறேன். யார் தடுத்தாலும் சரி."

வேலை முடிந்தது. விமானம் ராத்திரிதான். குன்றுக்குப் பஸ்ஸில் பாதி வழி போயிருப்போம், சின்ன முதலாளியின் போன். பக்கத்து ஊரில் இன்னொரு மெஷின் சத்தம் போடுகிறதாம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வர வேண்டுமாம்.

"எண்ணெய் விட்டு ஓட்டச் சொல்லுங்க சார். சத்தம் போட்டா மெஷின் செத்துடாது. என் முட்டியும்தான் சத்தம் போடுது."

"இனிமே உங்களை வெளிநாட்டுக்கே அனுப்ப மாட்டேன். அந்த ஆபீஸ் வேலையையும் யோசிக்கணும்." அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"நல்லா யோசிங்க சார். அதுக்குள்ள நான் கோயிலைப் பாத்துட்டு வந்துடறேன்."

குன்றடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தேய்ந்த கற்படிகள், ஒவ்வொன்றும் அக்காவின் முட்டி உயரம்.

"கீழ இருந்தே ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடலாம்க்கா."

"கீழ இருந்து பாக்கிறதுக்குக் காலண்டர் போதும் தம்பி."

குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினார். டிக்கெட் கிழிப்பவர் ஓடி வந்து தடுத்தார். கழற்ற வேண்டியதில்லை, கல் குத்தும், மேலே சாமிகூட இல்லை என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"சாமி இல்லைன்னா என்ன, வீடு அவரோடதுதானே" என்றார் அக்கா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. திரையைப் பார்த்தார். அப்படியே இடது ஷூவுக்குள் போட்டு, இரண்டு ஜோடி சாக்ஸையும் சுருட்டி அதன் வாயில் அடைத்தார். பிறகு கோயிலுக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தார். கைகளைப் பின்னால் ஊன்றி, உந்தி, அடுத்த படியில் உட்கார்ந்தார். பிறகு அதற்கடுத்த படி. இறங்கி வந்த ஒரு கூட்டம் சிரித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

என் காலடியில் ஷூ விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் குனிந்தேன்.

"தொடாத."

நிமிர்ந்தேன். பாதிப் படிகளைக் கடந்திருந்தார். மூச்சு வாங்கியது. அங்கிருந்தே, முனகிக்கொண்டிருந்த அந்த ஷூவை நோக்கி இரண்டு வெறுங்கால்களையும் நீட்டி, பத்து விரல்களையும் ஆட்டிக் காட்டினார்.