மைதானத்தில் இரண்டு வரிசை

மைசூரில் அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு நீளத் தெரு உண்டு. அதைப் பெருக்கித்தான் இன்றைக்கு நான் பென்ஷன் வாங்குகிறேன். நான் வேலையில் இருந்தவரை அங்கே பெரியவர்கள் வெறுங்காலோடு கோயிலுக்குப் போய் வருவார்கள், காலில் ஒரு துரும்பு ஒட்டாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வேலை ஜோடி வேலை. தெருவுக்கு இந்த ஓரம் ஒருத்தி, அந்த ஓரம் ஒருத்தி. இரண்டு பேரும் சேர்ந்தே நகர வேண்டும். ஒருத்தி பிந்தினால் குப்பை வண்டி நின்றுவிடும், மேஸ்திரி கத்துவார். என் ஜோடிக்காரி என்னைவிட ரொம்ப இளையவள், மார்டள்ளிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நான் பர்மனென்ட், அவள் கான்ட்ராக்ட். அவளுக்கும் எனக்கும் துடைப்பம் ஒரே மாதிரி, தெரு ஒன்று, வெயில் ஒன்று. சம்பளம்தான் வேறு. எனக்கு வார லீவுக்கும் சம்பளம் உண்டு. அவளுக்கு வராத நாளுக்குக் காசில்லை. அதனால் அவள் வராத நாளே கிடையாது. காய்ச்சல் என்றாலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

விடிகாலையில் பேர் கூப்பிட்டு ஹாஜரி எடுக்கிற மைதானத்திலும் எங்களுக்கு இரண்டு வரிசை. வேப்பமரத்துப் பக்கம் பர்மனென்ட், சுவர்ப் பக்கம் கான்ட்ராக்ட். யாரும் சொல்ல வேண்டாம், கால் தானாகவே போய் நிற்கும்.

நான் ரிட்டயர் ஆவதற்குச் சில மாதம் இருந்தபோது சம்பள ஒப்பந்தப் பேச்சு வந்தது. பர்மனென்ட் ஆட்களுக்கு உடனே சம்பளம் ஏறும் என்றார் சங்கத் தலைவர். கான்ட்ராக்ட் பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர்களுடையதை அப்புறம் பார்க்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம் வைத்து, சம்மதமா இல்லையா என்று கேட்பதாக ஏற்பாடு.

என்னைப் போன்ற பழைய ஆட்களுக்குக் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன். ஒப்பந்தம் உடனே முடிந்தால் சாகிறவரை எனக்குக் கூடுதலாக வரும். இழுத்துக்கொண்டு போனால் பழைய சம்பளத்திலேயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மகனுக்கு இதே ஊரில் ஹெப்பாள் பக்கம் பாக்டரி வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். நல்லவன்தான். ஆனாலும் மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் அவன் முன்னால் கை நீட்டி நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கூடுதல் பணம் எனக்கு வேண்டியிருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள், வேலை முடிந்து டீ குடிக்கும்போது ஜோடிக்காரி ஆரம்பித்தாள்.

"அக்கா, நாளைக்கு நீ கையைத் தூக்கிடு."

"எதுக்குடி?"

"உன் பென்ஷனுக்குத்தான். என் மூஞ்சியப் பார்த்துட்டு உன்னுதைக் கெடுத்துக்காத. எங்களுக்கு எப்பவாச்சும் வரட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. "நீ எனக்குப் பிச்சை போடுறியா?"

"அய்யோ, அரண்மனை மகாராணிக்குப் பிச்சை போட நான் யாரு! சும்மனே டீயக் குடி, ஆறிடும்."

சிரித்துவிட்டேன். கோபம் மட்டும் போகவில்லை. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் முழங்கால் வீங்கிப் போயிருந்தது. வேலையை விட்டுவிட்டால் அந்தத் தெரு இன்னொருத்தி கைக்குப் போய்விடும், விட மனசில்லை. ஒருநாள் ஜோடிக்காரி என் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, "அந்தச் சாக்கடை மோரிக் கல்லு மேல உக்காரு. மேஸ்திரி வந்தா எழுந்து நில்லு, போதும்" என்றாள். மழைக்காலம் முடிகிறவரை தன் ஓரத்தையும் பெருக்கி என் ஓரத்தையும் பெருக்கினாள். ஈர இலை தரையோடு ஒட்டிக்கிடக்கும், எளிதில் வராது. ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நானும் நன்றி என்று சொன்னதில்லை. எங்கள் வழக்கத்தில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம். ஹாஜரி நேரமில்லை, மேஸ்திரியும் இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் எல்லோரும் அதே இரண்டு வரிசையாகத்தான் நின்றோம். தலைவர் நாற்காலிமேல் ஏறினார்.

"இது பர்மனென்ட்காரங்க விஷயம். அதனால மரத்துப் பக்கம் இருக்கறவங்க மட்டும் கை தூக்குங்க. சுவர்ப் பக்கம் கணக்கில்லை."

சுவர்ப் பக்கம் பார்த்தேன். ஜோடிக்காரி என்னைப் பார்த்து, தூக்கு, தூக்கு என்று கண்ணைக் காட்டினாள். என் கை முந்தானைக்குள் இருந்தது. பென்ஷனையும் நினைத்தேன், மகனையும் நினைத்தேன். பிறகு மரத்தடியை விட்டு நடந்தேன். முழங்கால் வலியோடு அந்த மைதானத்தைத் தாண்டச் சற்று நேரமாயிற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, லைன் மாறிட்டே! உன் இடம் இங்கதானே இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். வயசாகித் தடுமாறுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

ஜோடிக்காரி பக்கத்தில் போய் நின்று திரும்பினேன். "கண்ணு நல்லாத்தான் தெரியுது. தெரிஞ்சுதான் வந்தேன்."

தலைவர் நாற்காலியிலிருந்து குனிந்தார். "அம்மா, உங்களுக்குத்தான் இதுல ஜாஸ்தி லாபம்."

"இருக்கட்டுங்க. தசராவுக்கு யானை போன ரோட்டுல லத்தி அள்ளினோமே, எது பர்மனென்ட் லத்தி, எது கான்ட்ராக்ட் லத்தின்னு பிரிச்சா அள்ளினோம்? பேசறதுன்னா எல்லாருக்கும் சேர்த்துப் பேசுங்க. நான் சம்மதிக்க மாட்டேன்."

இப்போது வேறு மாதிரிச் சிரிப்பு வந்தது. அப்புறம் என்னைக் கேலி செய்தவளே முதலில் நடந்து வந்தாள். வரும்போதே, "எனக்கும் கண்ணு தெரியுதுக்கா" என்றாள். அவள் பின்னால் இன்னும் பலர். எல்லோரும் வரவில்லை. அவரவர் வீட்டில் என்ன கஷ்டமோ, நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மரத்தடியில் பாதிப் பேர்கூட மிஞ்சாமல் போனதும் தலைவர் கீழே இறங்கிவிட்டார். மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்றார்.

ஜோடிக்காரி என் பக்கம் திரும்பாமலே, "பைத்தியம்" என்றாள். சொல்லிவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சு இழுத்தது. மனு, கூட்டம், வெயிலில் உட்கார்ந்து கோஷம். நடுவில் என் நாள் வந்துவிட்டது. சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள், பழைய சம்பளத்தில் வீட்டுக்கு வந்தேன். மகன் அன்றைக்குச் சாப்பிடும்போது, "உனக்கு என்னம்மா வந்தது, சும்மா கையைத் தூக்கியிருக்கலாமே" என்றான். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். இன்னும் எப்போதாவது அதையே சொல்வான். மாத்திரையை மட்டும் நான் கேட்பதற்கு முன்பே வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறான். கை நீட்ட வேண்டியிருக்கும் என்று பயந்தேனே, அவன் நீட்ட விடவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்தது. ரொம்ப வருஷம் வேலை பார்த்த கான்ட்ராக்ட் பெண்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் இன்னும் வெளியேதான், அவர்களுக்கும் வரவேண்டும். என் ஜோடிக்காரிக்கு வந்துவிட்டது. என் பென்ஷன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெற்றிலையைக் குறைத்துக்கொண்டேன்.

சம்பளத்தோடு முதல் வார லீவு கிடைத்த அன்று காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். "வீட்ல இருந்தா ஏதாச்சும் வேலை செய்யச் சொல்றாங்கக்கா" என்று சொல்லி, ஃபேனுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தாள். தலை வைத்ததும் தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளங்கையில் துடைப்பக் கழி பிடித்த காய்ப்பு, எனக்கு இருக்கிற அதே இடத்தில். எனக்கு இதைவிட என்ன கிடைக்க வேண்டும் என்று நினைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்து பருப்புப் புடைத்தேன்.

திடீரென்று அடித்துப்பிடித்து எழுந்தாள். "அக்கா, வெயில் வந்துடுச்சே! ஹாஜரி போச்சு!"

"படுடி. இன்னைக்குப் படுத்தாலும் உனக்குச் சம்பளம் உண்டு."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் எழுந்துபோய் அவளுக்கும் சேர்த்து உலை வைத்தேன்.