காட்டுத்தீ மாநாடும் கல்யாண காண்ட்ராக்டரும்

கல்யாண காண்ட்ராக்ட் தொழில்ல ரெண்டே பயம்தான்: பந்தியில சோறு பத்தாமப் போறது, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது. இதுக்கு மேல ஒரு பயம் இருக்குன்னு எனக்குத் தெரியாமத்தான் இருந்துச்சு. ஒருநாள் மதுரையில ஒரு பெரிய ஹோட்டல் மேனேஜர் கூப்பிட்டாரு. காட்டுத்தீயில இருந்து எப்படித் தப்பிக்கிறது, எப்படி அடக்குறதுன்னு பேச பதினஞ்சு நாட்டுல இருந்து ஆளுக வாராங்க, சர்வதேச மாநாடு, மூணு நாள், மேடையில இருந்து மோர் வரைக்கும் நீங்க பாத்துக்கிறீங்களான்னு கேட்டாரு. நல்லபடியா முடிச்சுக் குடுத்தா அந்த ஹோட்டல்ல நடக்குற விசேஷம் அம்புட்டும் இனிமே எங்களுக்குத்தான்னு வேற சொன்னாரு.

முகூர்த்தமில்லாத மாசத்துல ஈ ஓட்டிக்கிட்டிருந்த எங்களுக்கு அது எம்புட்டுப் பெரிய வார்த்தைன்னு, விசேஷ வேலையில மாட்டி முழிச்ச உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. 'எங்களுக்கு'ன்னா எனக்கும், எங்கிட்ட மேடை அலங்காரம் பாக்குற முருகேசன் அண்ணனுக்கும். தலைய ஆட்டிட்டு வந்துட்டோம்.

தெர்மாகோல் மான்

"காட்டுத்தீ மாநாடுதான தங்கச்சி, காட்டையே கொண்டாந்துருவோம்"னாரு முருகேசன் அண்ணன். கொண்டாந்தாரு. மேடை பூராம் காஞ்ச தென்னந்தட்டி, மூங்கில், பிளாஸ்டிக் இலை, நடுவுல தெர்மாகோல் மான். பின்னாடி ஆரஞ்சு கலர் நெட் துணியத் தொங்கவிட்டு, கீழ ஃபேனப் போட்டு, தீ எரியிற மாதிரியே ஆட விட்டிருந்தாரு. கண்ணு பட்டுரும், அம்புட்டு அழகு.

மாநாட்டுக்கு மொதநாள் மத்தியானம் மரியா மேடம் வந்து எறங்குனாங்க. போர்ச்சுக்கல்காரங்க, மாநாட்டோட பாதுகாப்புப் பொறுப்பு அவங்க கையில. மேடையப் பாத்தாங்க. துணியில ஒரு துண்டு, மானோட காதுல ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கிட்டு கார் நிறுத்துற எடத்துக்குப் போயி லைட்டரக் காட்டுனாங்க. கண்ண மூடித் தெறக்கல, துணியக் காணோம். காது சொட்டுச் சொட்டா உருகி ஊத்துது. "எல்லாத்தையும் எடுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

பொழுது சாயுறதுக்குள்ள மேடையில மிஞ்சுனது வெள்ளைச் சுவரும் ஒரு மைக்கும்தான். ஒத்தக் காது மானக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த முருகேசன் அண்ணனைப் பாக்கவே பாவமா இருந்துச்சு. ஆறுதல் சொல்லலாம்னு பக்கத்துல போனேன். "இருபது வருசமா இந்தத் துணிக்குள்ளதான தங்கச்சி அம்புட்டு மாப்பிள்ளையவும் உக்கார வச்சேன், ஒருத்தனாச்சும் பத்திக்கிட்டானா?"

குத்துவிளக்கு

ஹாலுக்குள்ள தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாதுன்னு மரியா மேடம் சட்டம் போட்டாச்சு. மாநாட்டுத் தலைவர் நம்ம ஊரு பேராசிரியர் ஒருத்தரு. "குத்துவிளக்கு ஏத்தாம தொடக்க விழாவா? சென்னையில இருந்து பெரிய அதிகாரி வாராரும்மா!"ன்னு குதிக்கிறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மத்தளமாயிட்டேன். கடைசியில திரிக்குப் பதிலா குட்டி பல்பு வச்ச பேட்டரி விளக்கு ஒண்ணு ஏற்பாடு பண்ணோம். அதிகாரி பத்த வைக்காத மெழுகுவத்தியக் கிட்ட கொண்டு போகணும், திரைக்குப் பின்னாடி இருந்து முருகேசன் அண்ணன் சுவிட்சத் தட்டணும். அம்புட்டுதான் வேலை.

நாதஸ்வர ரெக்கார்டு ஓடுது. அதிகாரி நாற்காலிய விட்டு எந்திரிச்சு சட்டைய இழுத்து விட்டுக்கிட்டாரு. கைதட்டல் சத்தத்துல முருகேசன் அண்ணன் என்ன நெனச்சாரோ, பட்டுன்னு தட்டிவிட்டுட்டாரு. அஞ்சு முகமும் பளிச்சுன்னு எரியுது. மெழுகுவத்தியும் கையுமா படியிலயே நின்னுட்ட அதிகாரி என்னையத் திரும்பிப் பாத்தாரு. "ஏம்மா, நான் இன்னும் கிட்டயே போகலையே!"

கோலா உருண்டை

ரெண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்துல திடீர்னு சங்கு ஊதிருச்சு. தீப்பிடிச்சா எப்படி வெளியேறணும்னு மரியா மேடம் யார்கிட்டயும் சொல்லாம வச்ச ஒத்திகை. வெளிநாட்டுக்காரங்க முள்கரண்டியக் கீழ வச்சுட்டு, பையைக் கூட எடுக்காம, வரிசையா வெளிய போயி புல்தரையில நின்னுட்டாங்க. நம்ம ஆளுகளும் போனாங்க. தட்டோட போனாங்க. நாலு பேரு போற வழியில குழம்பு வேற ஊத்திக்கிட்டுப் போனாங்க.

ஒருத்தரு மட்டும் அசையல. பக்கத்து மாவட்டத்துல இருந்து வந்த வனத்துறைக்காரரு, சுடச்சுட இருந்த கறிக் கோலா உருண்டைத் தட்டு முன்னாடி சிலையா நிக்கிறாரு. "சார், சங்கு ஊதுது, வாங்க சார், அந்தம்மா பாத்தா என்னையத்தான் திட்டும்"னு கெஞ்சுறேன். அவரு இன்னும் ரெண்டு எடுத்துத் தட்டுல வச்சுக்கிட்டு நிதானமாச் சொன்னாரு. "தீய நாளைக்குக் கூட அணைச்சுக்கலாம்மா, கோலா ஆறிருச்சுன்னா என்ன பண்றது?"

கொட்டாம்பட்டி வயல்

மூணாம் நாள்தான் முக்கியமான கட்டம். கொட்டாம்பட்டி பக்கம் பாண்டியம்மாங்கிறவங்களோட தரிசு நிலத்துல புல்லு ஆள் ஒசரத்துக்குக் காஞ்சு கெடந்துச்சு. அனுமதி வாங்கி, தீ தாண்டாம இருக்க சுத்தி மண்ணக் கிளறி, தீயணைப்பு வண்டிய நிப்பாட்டி, அதப் பத்த வச்சு எப்படி அடக்குறதுன்னு எல்லாருக்கும் காட்டணும். சாப்பாட்டு வண்டியோட ஹோட்டல் மேனேஜரும் வந்துட்டாரு.

விடியக்காலம் கொட்டுச்சு பாருங்க ஒரு மழை! பதினஞ்சு நாட்டுக்காரங்களும் மஞ்சச் சட்டை, தலைக்கவசத்தோட நிக்கிறாங்க. தீப்பந்தத்தக் கொண்டு போனா புல்லு உஸ்ஸுங்குது, புகையுது, அணைஞ்சுருது. பேராசிரியர் என்னைய ஓரமா இழுத்தாரு. "அதிகாரி போட்டோவுக்கு வந்துக்கிட்டிருக்காரும்மா. ஜெனரேட்டர் பெட்ரோலக் கொஞ்சம் ஊத்துங்க. கல்யாண வீட்டுல எம்புட்டு சமாளிச்சிருப்பீங்க!" முருகேசன் அண்ணன் கேனும் கையுமா நிக்கிறாரு. "ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி."

மரியா மேடம் வயலோட அந்தக் கோடியில இருக்காங்க. காத்து வேற எழும்பிருச்சு, அதுவும் ஆளுக நிக்கிற பக்கமா. மேனேஜர் வேப்ப மரத்தடியில இருந்து எங்களையே பாக்குறாரு. சரின்னு சொன்னா ஹோட்டல் வேலை கையில. ஆனா லைட்டர் பட்டதும் அந்த மேடைத் துணி போன வேகம் என் கண்ணுக்குள்ளயே நிக்குதே! கோவம் வந்தா எனக்கு வீட்டுப் பாஷை சௌராஷ்டிரம் வந்துரும். பேராசிரியருக்கு அதுல ரெண்டு வரி விழுந்துச்சு. அப்புறம் மைக்கப் பிடிச்சு, "இன்னைக்குத் தீ வைக்கலைங்க, எல்லாரும் மோர் குடிச்சிட்டு பஸ்ல ஏறுங்க"ன்னுட்டேன்.

பேராசிரியர் மொகம் செவந்துருச்சு. "இனிமே யாரு உன்னையக் கூப்பிடுறான்னு பாக்குறேன்"னுட்டுப் போனாரு. முருகேசன் அண்ணன் கேன் மூடியத் திருகிக்கிட்டு வண்டிப் பக்கம் நடந்தாரு. பக்கத்துல பாண்டியம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க வயலப் பாத்தாங்க, வெள்ளைக்காரங்களப் பாத்தாங்க, அப்புறம் என்னையப் பாத்தாங்க. "இம்புட்டுப் பேரு வந்தும் பத்த வைக்க முடியலயாத்தா? போன வருசம் எங்க வீட்டுக்காரரு ஒத்தப் பீடியில மூணு வயலக் காலி பண்ணாரே!"

மேனேஜர் ரூம்

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு விட்டாரு. திட்டு வாங்கப் போறோம்னு நானும் முருகேசன் அண்ணனும் வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு நின்னோம். உக்காரச் சொன்னாரு. காப்பி வந்துச்சு. பேராசிரியர் எங்களப் பத்தி ஒரு பாட்டம் திட்டித் தீத்துட்டாராம். மரியா மேடம் ஊருக்குக் கெளம்பும்போது, எந்த நாட்டுக்குப் போனாலும் நிறுத்துன்னு சொல்ல ஆளே இருக்காது, இங்க ஒருத்தி இருக்கான்னு சொன்னாங்களாம்.

"அப்ப எங்களுக்கு வேலை உண்டா சார்?"னு பட்டுன்னு கேட்டுட்டேன். மேனேஜர் சிரிச்சாரு. "அடுத்த மாசம் ஒரு கல்யாண பார்ட்டி ஹாலுக்குள்ள வாணவேடிக்கை விடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, எங்க யாருக்கும் வாய் வரல. நீங்க போய் முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க மேடம், அதுதான் மொத வேலை!"

ஆக, ஊரே சரி சரின்னு தலையாட்டிப் பொழைக்கிறப்ப, நானும் முருகேசன் அண்ணனும் முடியாதுன்னு சொல்லிப் பொழைச்சுக்கிட்டிருக்கோம்.